சொந்த நாற்காலியோடு வரவும்

ஆஸ்திரேலியாவில் மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பியபோது ஆரோக்கியராஜ் ஒரு மடக்கு நாற்காலியும், முழங்காலுக்கு மேலே நிற்கும் ஒரு காக்கி அரைக்கால் சட்டையும், ‘வீக்எண்டு’ என்ற சொல்லும் கொண்டுவந்தார். மூன்றுமே கடலூர் திருப்பாதிரிப்புலியூருக்குத் தேவையில்லாதவை. அதிலும் அந்தச் சொல் தனக்கு எதற்கு என்பது அவருக்கே இன்றுவரை விளங்கவில்லை. பொதுப்பணித்துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகிவிட்டது. காலையில் பேப்பர், மதியம் தூக்கம், சாயங்காலம் கெடிலம் பாலம் வரைக்கும் நடை. வாரத்தில் ஏழு நாளும் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கிற மனிதர் சனிக்கிழமைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தால் வீட்டில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும்.

வீட்டில் இருப்பவர்கள் என்றால் மனைவி பிரிசில்லா ஒருத்திதான். ஒரே மகன் ராபர்ட்டுக்கு அடிலெய்டில் வேலை. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. 2009 கடைசியில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் எடுத்து அனுப்பி அங்கே வரவழைத்தான்.

முதல் இரண்டு வாரம் ஆரோக்கியராஜுக்கு அந்த ஊர் பிடிக்கவே இல்லை. தெருவில் ஆள் நடமாட்டம் கிடையாது, காக்காகூடக் குழந்தை அழுகிற மாதிரி கத்துகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். ஆனால் சனிக்கிழமை வந்தால் அந்தத் தெருவுக்கே உயிர் வந்துவிடும். எட்டு மணிக்கெல்லாம் புல் வெட்டுகிற மெஷின் சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டு கிரஹாம், ஓய்வு பெற்ற பிளம்பர், வெறுங்காலோடு வந்து காரைக் கழுவிக்கொண்டே வெயிலைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசுவார். ஆணியும் பெயின்டும் விற்கிற பெரிய கடையின் வாசலில், பள்ளிக்கூடத்துக்கு நிதி சேர்ப்பதற்காகப் பெற்றோர்கள் கூடாரம் போட்டு, ஒரு துண்டு ரொட்டியில் சாசேஜும் வதக்கிய வெங்காயமும் வைத்துக் கொடுப்பார்கள். ஒரு ஸ்குரூகூடத் தேவைப்படாத வாரத்திலும் அப்பாவும் மகனும் அந்தக் கடைக்குப் போனார்கள். பிறகு கடற்கரை. சூடான உருளைக்கிழங்கு வறுவலைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கடல்புறாக்கள் சுற்றி நின்று முறைக்கும். ஒரு தடவை ஒன்று அவர் விரலிலிருந்தே வறுவலைப் பிடுங்கிக்கொண்டு போனது. அந்தக் கதையை அவர் கடலூரில் இதுவரை பதினேழு பேரிடம் சொல்லியிருக்கிறார். அவர்களில் மூன்று பேர் மீன்பிடித் துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள். அவர்களுக்குக் கடல்புறா அதிசயமா என்று அவர் யோசிக்கவில்லை.

எல்லாவற்றையும்விட அவரைக் கவர்ந்தது பூங்கா அடுப்புதான். நகராட்சியே கட்டி வைத்த மின்சார அடுப்பு. பட்டனை அழுத்தினால் தகடு காயும், காசு கிடையாது. கூப்பிட்டவர், வந்தவர் என்ற பேதமில்லாமல் அவரவர் கறியை அவரவர் கொண்டுவந்து சுட்டுச் சாப்பிட்டார்கள். உட்கார நாற்காலியைக்கூட அவரவர் கொண்டுவந்தார்கள். ராபர்ட் ஏப்ரன் கட்டிக்கொண்டு அடுப்பில் நிற்பான். முதல் தட்டை எடுத்துக்கொண்டுபோய் அம்மாவிடம் கொடுப்பான். அவள் எழுந்தால், “நீ உக்காரும்மா” என்பான்.

பிரிசில்லா உட்கார்ந்தாள். முதல் வாரம், ஆஸ்பத்திரியில் டோக்கனுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி நாற்காலி நுனியில். நான்காவது வாரம் சாய்ந்துகொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டிப் புல்லில் பாதத்தை வைத்துக்கொண்டாள். முப்பத்திரண்டு வருஷத்தில் சாப்பாட்டு வேளையில் மனைவி உட்கார்ந்திருந்து ஆரோக்கியராஜ் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்த வேகத்தில் ராபர்ட்டும் கிரஹாமும் இருக்கும்போதே ஒரு வாக்குக் கொடுத்தார்.

“ஊருக்குப் போனா சனிக்கெழம சமையல் என்னுது. நீ இதே மாதிரி காலை நீட்டிக்கினு உக்காந்திருக்கணும்.”

பிரிசில்லா சிரித்தாள். அவர் சொன்னதை அவள் நம்பிவிட்டாள் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

அந்த மடக்கு நாற்காலி கிரஹாமுடையது. சனிக்கிழமைகளில் வேண்டாத சாமான்களை வீட்டு வாசலில் பரப்பி விற்பது அங்கே வழக்கம். அப்படி ஒருநாள் இரண்டு டாலருக்கு வாங்கினார். கைப்பிடியில் டம்ளர் வைக்க ஓட்டை இருந்தது. அந்த ஓட்டையில்தான் மயங்கினார். திரும்பும்போது விமான நிலையத்தில் எடை கூடிவிட்டது. பிரிசில்லா ஆசைப்பட்டு வாங்கிய கண்ணாடிப் பாத்திரங்களுக்கும் நாற்காலிக்கும் போட்டி வந்தது. கண்ணாடி உடைந்துவிடும் என்று நியாயம் பேசி நாற்காலியை ஜெயிக்க வைத்தார்.

ஊர் வந்த முதல் சனிக்கிழமை பயணக் களைப்பு. அடுத்த சனிக்கிழமை, கேஸ் அடுப்பில் சமைத்தால் அது வீக்எண்டு ஆகாது, அதற்கென்று தனி அடுப்பு வேண்டும் என்றார். முதுநகரில் பழனிவேலின் வெல்டிங் பட்டறைக்குப் போய், ஒரு இரும்புப் பீப்பாயை நெடுக்குவாட்டில் பிளந்து கால் வைத்து, மேலே கம்பி வலை போட்டுத் தரச் சொன்னார். பழனிவேல் அவரை ஏற இறங்கப் பார்த்தான். ரிட்டையர் ஆன பிறகும் ரோட்டு வேலை எடுத்திருக்கிறாரா, தார் காய்ச்சவா என்று பணிவாகக் கேட்டான். கறி சுட என்று சொன்னதும் டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்தான். அவன் வேலையை முடித்துத் தர ஆறு வாரம் ஆனது. ஆறு சனிக்கிழமையும் பிரிசில்லாதான் சமைத்தாள். ஆரோக்கியராஜ் தோட்டத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு, ஓட்டையில் மோர் டம்ளரை வைத்துக்கொண்டு, அங்கெல்லாம் ஆண்கள்தான் சமைப்பார்கள் என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுப்பு வந்ததும் சித்திரை கடைசிச் சனிக்கிழமைக்கு விருந்து என்று முடிவாயிற்று. அழைக்க வேண்டிய முதல் ஆள் தங்கராசு. பிரிசில்லாவின் தம்பி, சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருப்பவன். சனிக்கிழமை கடையை அடைத்துவிட்டு வருவதென்றால் அவனுக்கு அது பெரிய காரியம். பிரிசில்லாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது அவன் ஒருத்தன்தான். ஆரோக்கியராஜ் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு, கூடவே இதையும் சொன்னார்.

“மச்சான், உங்களுக்கு வேணுங்கிற கறி, மீனு நீங்களே எடுத்தாந்துடுங்க. உக்கார சேரும் கொண்டாந்துடுங்க. அங்கல்லாம் அப்படித்தான்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு தங்கராசு, “சரிங்க மாமா” என்றான். அந்த மௌனத்தை ஆரோக்கியராஜ் வியப்பு என்று எடுத்துக்கொண்டார். நாகரிகம் தெரிந்த மச்சான் என்று மனசுக்குள் ஒரு சபாஷ் போட்டார். நாற்காலி விஷயத்தைப் பிரிசில்லாவிடம் சொல்லத் தோன்றவில்லை. சமையல்தான் தன்னுடையது என்றாகிவிட்டதே, அவளுக்கு எதற்கு அந்தக் கவலை.

சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு ஊர்வலம் வந்தது. முன்னால் தங்கராசு, தலையில் கவிழ்த்த இரண்டு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி, கையில் இறால் தூக்குச்சட்டி. பின்னால் அவன் மனைவி இடுப்பில் ஒரு நாற்காலி. கடைசியில் காலேஜ் படிக்கிற மகள் அனுப்பிரியா, ஒரு நாற்காலியை முகத்துக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு. சிதம்பரத்திலிருந்து பஸ் கூரையில் கயிறு போட்டுக் கட்டி எடுத்து வந்திருந்தார்கள். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டுச் சடையப்பன் பதறிப்போய், தன் வீட்டில் எட்டு நாற்காலி சும்மா கிடப்பதாகவும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்றும் ஆரோக்கியராஜின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

பிரிசில்லா ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள். நாற்காலிகளைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

“யாருடா சேர் எடுத்தாரச் சொன்னது?”

“மாமாதாங்க்கா போன்ல சொன்னாரு. அங்கல்லாம் அப்படித்தானாம்.” தங்கராசு ஒவ்வொரு நாற்காலியாக இறக்கி வரிசையாக வைத்தான். “எங்களுக்கு மூணு. உனக்கும் சேத்து ஒண்ணு கொண்டாந்தேன். இங்க நீ உக்கார எடம் இருக்குதோ இல்லியோ.”

அவன் குரலை உயர்த்தவில்லை. தெருவில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. பிரிசில்லாவின் முகம் வெளிறிப்போனதை ஆரோக்கியராஜ் பார்த்தார். பார்த்தும், அடுப்பில் கரி கனிந்துவிட்டதே என்று தோட்டத்துக்கு ஓடினார். அதை நினைத்தால் இப்போதும் அவருக்குத் தன் தலையிலேயே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கும்.

விருந்து என்னவோ நன்றாகத்தான் நடந்தது. அரைக்கால் சட்டையில் நின்றுகொண்டு ஆரோக்கியராஜ் இடுக்கியால் வஞ்சிரத் துண்டைத் திருப்பினார், கோழியைத் திருப்பினார், மறுபடி வஞ்சிரத்தைத் திருப்பினார். சடையப்பன் ஒரு வாய் தின்றுவிட்டு, கைப்பக்குவம் பிரமாதம் என்றார். “அப்படி ஒண்ணுமில்ல சார், பழக்கந்தான்” என்று ஆரோக்கியராஜ் அடக்கமாகச் சொன்னார். இஞ்சி பூண்டு அரைத்தது, மீனைக் கழுவி மசாலா தடவி ஊற வைத்தது, வெங்காயம் அரிந்தது, தோட்டத்தைப் பெருக்கியது, அவர் சுடுவது வேகாமல் போனால் வந்தவர்கள் பட்டினி கிடக்கக்கூடாதே என்று ஒரு படி சோறும் ரசமும் வைத்தது எல்லாம் வேறு ஒரு கை. அந்தக் கை அப்போதும் தட்டு கழுவிக்கொண்டிருந்தது. நாலாவது சிவப்பு நாற்காலி மதியம் முழுக்கக் காலியாக வெயிலில் கிடந்தது.

நாலு மணிக்குத் தங்கராசு கிளம்பினான். பிரிசில்லா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், ஒரு துணிப்பையோடு வெளியே வந்தாள். பையில் இரண்டு புடவை இருந்தது.

“எனக்கும் சேத்து பஸ்ல சீட்டுப் புடிடா” என்றாள் தம்பியிடம். பிறகு கணவரிடம் திரும்பினாள். “ராபர்ட்டப்பா, எனக்கும் வீக்எண்டு வேணும். வெள்ளிக்கெழமயிலேருந்து நின்னுக்கினே இருக்கேன். நீங்க மீனைத்தான் திருப்பிப் போட்டீங்க.”

நாலாவது நாற்காலியை அவளே தூக்கிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குத் தனியாகப் போனார். கேட்டவர்களிடமெல்லாம், பிரிசில்லா வீக்எண்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னார். திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாய்க்கிழமை அந்தப் பதில் செல்லுபடியாகவில்லை. பதினோரு மணிக்குப் போன் பண்ணினால், அண்ணி தூங்குகிறார் என்று தங்கராசுவின் மனைவி சொன்னாள். பிரிசில்லா பகலில் தூங்குவாளா என்பதே அவருக்குப் புதுச் செய்தி. புதன்கிழமை ஓட்டல் இட்லி கசந்தது. வீடு பெரிசாகிவிட்ட மாதிரி இருந்தது. அவருக்குப் பயம் வந்தது. பார்க்க யாரும் இல்லாததால் அதை மறைக்கவும் இல்லை.

அன்றைக்கு ராபர்ட்டுக்குப் போன் போட்டு, நீ செய்த மாதிரியேதானே செய்தேன், எங்கே தப்பு வந்தது என்று கேட்டார். ராபர்ட் வெகுநேரம் சிரித்தான்.

“அப்பா, வெள்ளிக்கெழம வேலை முடிஞ்சி வந்து கறிய நான்தான் கழுவி ஊற வெப்பேன். நீங்க சாப்ட்டுட்டுப் படுத்துடுவீங்க. பூங்காவிலேருந்து வந்து பாத்திரம் கழுவுவேன். அப்பவும் நீங்க படுத்துடுவீங்க. நடுவுல அடுப்பாண்ட நிக்கிறத மட்டும் பாத்துட்டு வந்திருக்கீங்க.”

மூன்று மாதம் ஒரு நாட்டில் இருந்து, அங்கே இருந்தவற்றில் மிகச் சுலபமான ஒரே வேலையைக் கண்டுபிடித்து, அதை மட்டும் கற்றுக்கொண்டு வந்திருக்கிறோம் என்று ஆரோக்கியராஜுக்குப் புரிந்தது. முப்பத்தாறு வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்த கண்ணுக்கு அது தானாகவே அமைந்துவிடும் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை முதுநகர் மார்க்கெட்டில் மீன்காரி குப்புவிடம் சங்கரா வாங்கினார். அவள் அரிவாள்மணையில் கையை வைத்தபோது, வேண்டாம், நானே ஆய்ந்துகொள்கிறேன் என்றார். அவள் பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டு இந்த மனிதரைப் பார்த்துவைத்துக்கொள் என்றாள். வீட்டில் செதில் உரிக்கையில் ஒன்று மூக்குக் கண்ணாடியில் ஒட்டியது, இன்னொன்று நாட்காட்டியில் இருந்த மாதாவின் காலடியில் விழுந்தது. முள் குத்தி ஆள்காட்டி விரல் வீங்கியது. வெங்காயம் அரிந்து அழுதார்; பாதி அழுகை வெங்காயத்துக்கானது அல்ல. சனிக்கிழமை விடியற்காலையில் எழுந்து, புளி கரைத்து, குழம்பைக் கூட்டி இறக்கியபோது ஐந்து பாத்திரம் கரிபிடித்துக் கிடந்தன. ஒரு குழம்புக்கு ஐந்து பாத்திரம் எப்படி என்று அவருக்கே தெரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஒரு கையில் டிபன் கேரியர், ஒரு கையில் மடக்கு நாற்காலியோடு சிதம்பரம் பஸ்ஸில் ஏறினார். இந்தத் தடவை அரைக்கால் சட்டை இல்லை, வேட்டி. பஸ்ஸில் இடம் இல்லை. புதுச்சத்திரம் தாண்டும்வரைக்கும் ஒரு கிழவர் அவர் நாற்காலியையே பார்த்துக்கொண்டு வந்தார். கையில் சொந்த நாற்காலி இருந்தும் கடலூரிலிருந்து சிதம்பரம்வரை நின்றுகொண்டே போன ஒரே ஆள் தானாகத்தான் இருக்கும் என்று ஆரோக்கியராஜ் நினைத்துக்கொண்டார்.

சைக்கிள் கடைக்குப் பின்னால்தான் வீடு. வாசல் நிழலில் பிரிசில்லா ஒரு சிவப்பு நாற்காலியில் சாய்ந்து, இன்னொரு சிவப்பு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் முறம் இல்லை, ஆய்வதற்குக் கீரை இல்லை, ஒன்றுமே இல்லை. அடிலெய்டில் பார்த்த அதே பிரிசில்லா. அவரைக் கண்டதும் காலை இறக்கவில்லை.

தங்கராசு கிரீஸ் கையோடு கடையிலிருந்து வந்து மடக்கு நாற்காலியைப் பார்த்தான்.

“என்னா மாமா, சேரெல்லாம் தூக்கிக்கினு?”

“நான் உக்கார, மச்சான். உங்க வூட்ல எடங் கேக்குற யோக்கியதை எனக்கு இல்ல.” மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த மீதி வார்த்தைகள் மறந்துபோயின. “உங்கள அப்படிக் கூப்பிட்டது தப்பு. நான் பெரிய முட்டாளு.”

தங்கராசு அக்காவைப் பார்த்தான். பிறகு, போன சனிக்கிழமை பஸ் கூரையிலிருந்து நாற்காலியை இறக்கும்போது கண்டக்டர் என்ன பந்தல் காண்டிராக்டா என்று கேட்டதைச் சொன்னான். சொல்லும்போதே சிரித்துவிட்டான். உள்ளே போய் ஒரு தட்டு எடுத்து வந்தான்.

ஆரோக்கியராஜ் கேரியரைத் திறந்தார். சோறு போட்டு, குழம்பு ஊற்றி, உடையாமல் இருந்த ஒரே மீன் துண்டைத் தேடி எடுத்து வைத்து, தட்டை மனைவியிடம் நீட்டினார். அவள் எழுந்திருக்காமல் வாங்கினாள். ஒரு வாய் வைத்தாள். வீங்கின விரலைப் பார்த்தாள். இன்னொரு வாய் வைத்தாள்.

“உப்பு இல்ல” என்றாள்.

உப்பு எடுத்து வர அவர்தான் ஓடினார். தட்டு காலியாகும்வரை மடக்கு நாற்காலியை விரிக்காமல் நின்றுகொண்டிருந்தார். அவள் கை கழுவிவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

“பாத்திரமெல்லாம் கழுவிட்டு வந்தீங்களா?”

ஆரோக்கியராஜ் ஒரு பொய்யை யோசித்துப் பார்த்தார். கிடைக்கவில்லை.

“ஊற வெச்சிருக்கேன்.”

பிரிசில்லா சிரித்தாள். வாயைப் புடவையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரைக்கும் சிரித்தாள்.

“திங்கக்கெழம காலையில வரேன்” என்றாள். “நாளைக்கும் எனக்கு லீவுதான். இப்பவே போய்க் கழுவுங்க, மீன் வாடை ஒட்டிக்கிச்சின்னா போவாது. கேரியரையும் எடுத்துக்கினு போங்க. அந்த ஓட்டை சேரை வெச்சிட்டுப் போங்க.”

அவரே அதை விரித்துப் போட்டார். அவள் அதில் மாறி உட்கார்ந்து, காலைச் சிவப்பு நாற்காலியில் நீட்டினாள். அனுப்பிரியா காப்பி கொண்டுவந்து கொடுத்தபோது பிரிசில்லா டம்ளரை ஓட்டையில் வைத்துப் பார்த்தாள். சரியாகத்தான் பொருந்தியது.

திரும்பும்போது பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோர இடமே கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்த ஆள் கேரியரின் வாடை தாங்காமல் அடுத்த நிறுத்தத்தில் வேறு இடம் மாறிக்கொண்டார். அதனால் ஆரோக்கியராஜ் வசதியாகக் காலை நீட்டி உட்கார்ந்து வந்தார். மணி இரண்டரைதான் ஆகியிருந்தது. வீக்எண்டு இன்னும் ஒன்றரை நாள் இருந்தது. வீட்டில் ஐந்து பாத்திரமும் இருந்தன.